வாவிக்கரை வாணிகமும் வாங்குவோர் முறையீடும்

மட்டக்களப்பு நாட்டுத் திருக்கோயில்களின் கருமங்களை நடத்துவோர் வண்ணக்கர் என்னும் பெயரால் வழங்கப்படுதல் யாவரும் அறிந்ததே. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் அப்பெயரைக் கேட்டு வளர்ந்தோர் அதன் பழம்பொருளை எண்ணிப் பார்ப்பது அரிது. வண்ணக்கன் என்னுஞ் சொல் பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிப்பதாக அகராதிகள் கூறும். சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய சிலர் இத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கி நிற்கின்றனர். அங்காடியிலே கைமாறும் காசு நல்லதோ கள்ளதோ என்று சொல்லத்தக்க ஒருவன் இருந்தான் என்பதும், அவன் சொல்லை விற்போனும் வாங்குவோனும் ஒருங்கே ஏற்றனர் என்பதும் இதனாற் பெறப்படும். காசு நோட்டம் பார்த்தவனின் பெயர் கோயிற் கருமத்தலைவனுக்கு எவ்வாறு ஆயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு நோக்கற்பாலது வேறொன்று. விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே, இருவருள் ஒருவனும் அல்லாத மூன்றாமவன் ஒருவன் வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டார்க்குப் புதியதன்று. அம்மூன்றாமவன் யார், அவனிடம் செல்லும் வழி யாது, எத்துணை நாளுக்குள் செல்லவேண்டும் என்பனவே காலந்தோறும் மாறிவந்தன.

காசினை அடுத்து அளவை. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களிலே, நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்னும் இறைவன் பெயரே இடப்பட்டிருத்தல் காணலாம். இறைவன் பெயர் பூண்ட மரக்காலிலே கள்ளம் செய்ய அஞ்சுவர் என்பது கருதியிருத்தல் கூடும். அன்றியும், ஊருக்கு ஊர் வேறுபடும் மரக்கால்களுள் இன்னதே இவ்விடத்துக்கு உரியது என்று பெயரால் வரையறுத்தல் வழக்குக்களைக் குறைக்கும். மட்டக்களப்பின் களவெட்டிகளிலே பொலி அளந்த மரைக்கால் அதன் உறவே. அளப்போன் முதன் மரைக்காலை ஒன்று என்னாது இலாபம் என்று எண்ணத் தொடங்குவது தமிழர்க்குப் பொதுவாகிய மங்கல வழக்கு. அம்மங்கலச் சொல்லின் பின்னே, தலைதட்டி அளப்பதோ கூம்பக் குவித்து அளப்பதோ என்னும் பூசல் எப்பொழுதும் மறைந்து நின்றது.

அங்காடி பற்றிய முறையீடு ஒன்று கல்லிலே பொறிக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருப்பது வாவிக்கு மேற்கே, மகியங்கனைப் பக்கத்திலாகும். 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கற்றூண் சொரபொர வாவிக்கு அருகே கிடைத்துப் பின்னர்ப் பதுளைக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் பதுளைத் தூண் கல்வெட்டு எனப்பெயர் பெற்றது. பேராசிரியர் பரணவிதான அதனை ஆராய்ந்து பதிப்பித்துள்ளார். மன்னன் மகியங்கனைக்கு வந்த வேளையில், ஹோபிடிகம என்னும் அங்காடியூரின் வணிகரும் குடிகளும் அவன்முன் முறையிட்டனர். அரசன் முன்னரே விதித்த கட்டளைகளை மீறி அதிகாரிகள் தம்மிடம் முறையற்ற பொருள் கவர்கின்றனர் என்பது அவர் குறை. அதன்மேற் பிறந்த ஒழுங்குகளுள், அங்கீகாரம் பெறாத அளவைகளால் நிறுத்தலாகாது என்பதும், காட்டாது மறைத்த பண்டத்துக்கு இரட்டிப்புச் சுங்கம் என்பதும், போயா நாளில் வாணிகம் செய்தோர் மகியங்கனை விகாரை விளக்குக்கு எண்ணெய் இறுக்கவேண்டும் என்பதும் அடங்கும்.

இக்கல்வெட்டு வணிகரை நோக்கியும் சில கூறினும், முறையிட்டவர் வணிகரும் குடிகளும் ஒன்றுசேர்ந்தே என்பது கருதத்தக்கது. விற்போனும் வாங்குவோனும் பகைவர் என்றும், அரசு வாங்குவோன் பக்கத்து நிற்கும் நடுவன் என்றும் கொள்வது பிற்காலத்து எண்ணம். ஹோபிடிகமவில் இருவரும் அஞ்சியது அரசின் ஏவலாளரையே. வாவிக்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிய தாவளமாடுகள் பிற்காலத்திலே உள்நாட்டுக்குச் சென்று பாக்கும் பிறவும் கொண்டு மீண்டபோதும், வழியிலே வரி கொள்வோர் வணிகர்க்கு மட்டுமன்றி அவரை எதிர்நோக்கிய குடிகளுக்கும் சுமையே ஆயினர்.

1638ஆம் ஆண்டில் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டது. அவர்களோடு உறோமன் ஒல்லாந்தச் சட்டமும் இந்நாட்டில் வேரூன்றிற்று. பின்வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனைத் தொடரவிட்டனர். விற்பனை பற்றி அச்சட்டம் கூறுவது பழைய உறோமாபுரி அங்காடியிற் பிறந்தது. அங்கே ஈடைல் என்னும் அங்காடி அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைந்த குற்றங்களை வெளிப்படுத்தவேண்டும் என்று கட்டளையிட்டனர். நோயுள்ள மாட்டை நல்லதென்று வாங்கியவன் 6 மாதத்துக்குள் வந்தால் மாட்டைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளப் பெறலாம். 1 ஆண்டுக்குள் வந்தால் விலையிற் குறைத்துப் பெறலாம். விற்றவன் அக்குற்றத்தைத் தான் அறியேன் என்று தப்ப முடியாது. மனிதனையும் மாட்டையும் ஒரே நிரையில் வைத்து விற்ற சமுதாயத்தின் சட்டமாயினும், மறைந்த குற்றம் வெளிப்படக் காலம் செல்லும் என்னும் உண்மையை அது உணர்ந்திருந்தது. அந்த 6 மாதம் என்னும் எல்லை பின்னே மீண்டும் நினைவுகூரப்படும்.

மட்டக்களப்பின் சொந்த வழக்காறாகிய முக்குவச் சட்டம் தாய்வழியுரிமையையும் சொத்தின் வழியையும் பற்றியதேயன்றி அங்காடியைப் பற்றியதன்று. அதுவும் 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. அங்காடியைத் தொட்ட பெருமாற்றம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பெரும்பாலும் அடியொற்றிய இது, அசையும் பொருள்களின் விற்பனையில் ஆங்கில முறையைக் கொணர்ந்தது. வாங்குவோனே விழிப்பாயிருத்தல்வேண்டும் என்பது அம்முறையின் அடிநிலை. ஆயினும் இரு வாயில்கள் விடப்பட்டன. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்போனின் அறிவை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அக்காரியத்துக்கு ஏற்றதாயிருக்கவேண்டும். இன்ன பொருள் என்று பெயர்சொல்லி அப்பண்டத்தின் வணிகனிடம் வாங்கியிருந்தால், அது விற்பனைத் தரம் உடையதாயிருக்கவேண்டும். இச்சட்டம் இன்றும் வழக்கிலுள்ளது.

காகிதத்தில் இவை செவ்விய உரிமைகள். ஆனால் இவற்றை நாட்டுதற்குச் சட்டத்தரணியும் நீதிமன்றும் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி இந்நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரித்தது. நீதிமன்றும் கச்சேரியும் பெருங்கடைகளும் கிழக்கே. வயல்கள் பெரும்பாலும் மேற்கே. கல்லடிப் பாலம் 1924ஆம் ஆண்டிலும் புகையிரதம் 1928ஆம் ஆண்டிலும் வந்தன; அவை புளியந்தீவைக் கடற்கரையோடும் கொழும்போடும் இணைத்தன. படுவான்கரைக்கு வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலங்கள் அமைந்தபின்னும் இடைப்பட்ட ஊரார் மண்முனை, அம்பிளாந்துறை, மண்டூர்த் துறைகளிலே ஓடத்தையே நம்பியிருந்தனர். உக்கிய துணி ஒரு முழத்துக்காகவோ, கலப்பு எண்ணெய் ஒரு போத்தலுக்காகவோ ஒரு நாட்கூலியை இழந்து துறை கடந்து வழக்காடுவார் யார்? அவ்வாறு செய்யாதவனை மடியன் என்றோ அறியாதவன் என்றோ கூறுவது பொருந்தாது. அவன் கணக்கறிந்தவன்.

இரண்டாம் உலகப்போர் இச்சட்ட வரலாற்றின் போக்கையே மாற்றிற்று. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீடும் கூப்பனும் சங்கக்கடையும் ஊர்தோறும் பரவின. அன்றுதொட்டு அரசின் கண் பொருளின் குணத்தைவிட்டு விலையின்மேற் சென்றது. போர்க்கால ஒழுங்குகளின் வழியே 1950ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. கட்டுப்பாட்டதிகாரி உயர்ந்தபட்ச விலையை விதிப்பார். ஒரு சதம் மிகுத்து விற்பினும் அது குற்றம். பரிசோதகர்கள் குறியிட்ட நாணயத்தாளோடு ஒருவனை வாங்குவோன் போலக் கடைக்கு அனுப்பி, மிகைவிலை கொண்ட வணிகனைக் கையும் களவுமாய்ப் பிடிப்பது இச்சட்டத்தின் வழக்குக்களில் அடிக்கடி காணப்படும் காட்சி. இதிலே ஒரு விந்தை உண்டு. வாங்குவோனைக் காக்க எழுந்த சட்டத்தின் வழக்குக்களில் உண்மையான வாங்குவோன் பெரும்பாலும் இல்லை. அவன் வேடந்தாங்கிய அரசின் ஆளே உண்டு. தண்டப்பணம் திறைசேரிக்குச் சென்றது. மிகைவிலை கொடுத்த வேளாண்மைக்காரனுக்கு ஒன்றும் மீண்டிலது.

அரிசியின் விலை அரசையே அசைக்கவல்லது என்பதை 1953ஆம் ஆண்டு காட்டிற்று. பங்கீட்டரிசி கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, ஓகத்து 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அதன்பின் எவ்வரசும் விலையை மறந்திருக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் நெல் சந்தைப்படுத்தும் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. தொடர்ந்த தட்டுப்பாட்டுக் காலத்திலே அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. நெல் விளையும் மட்டக்களப்பிலே, தம் வயலின் நெல்லை உறவினர்க்குக் கொண்டுபோவதும் சோதனைக்குரிய காரியமாயிற்று. 1977ஆம் ஆண்டின்பின் பொருளாதாரம் திறக்கப்பட, கடைகளிற் பண்டம் மலிந்தது. பண்டம் மலிந்தபோது போலியும் மலிந்தது. 1979ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டமும் அக்காலத்தன.

இதற்குள் பிறநாடுகளில் வாங்குவோன் என்னும் எண்ணமே வேறுருக் கொண்டிருந்தது. 1932ஆம் ஆண்டில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, இசுக்கொத்துலாந்தின் பேசிலி நகரில் நண்பர் ஒருவர் வாங்கிக் கொடுத்த இஞ்சிப்பானத்தைக் குடித்து நோயுற்றதாக வழக்காடிய பெண்ணின் முறையீட்டைக் கேட்டது. போத்தலுள் நத்தை இருந்தது என்பது அவர் வழக்கு. பணம் கொடுத்தவர் அவரல்லர். ஆயினும், செய்தவன் அருந்துவோனுக்குக் கடமைப்பட்டவன் என்று அச்சபை துணிந்தது. 1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி கென்னடி, பாதுகாப்பு, தகவல், தெரிவு, கேட்கப்படுதல் என்னும் நான்கு உரிமைகளைத் தம் நாட்டுப் பேரவைக்கு விடுத்த செய்தியிற் குறிப்பிட்டார். 1985ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடுத்த ஆண்டிலே இந்தியா தன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, மாவட்டந்தோறும் நுகர்வோர்க்கெனத் தனி மன்றங்களை அமைத்தது.

இலங்கையில் இவ்வெண்ணம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் உருப்பெற்றது. விலைக்கட்டுப்பாட்டுச் சட்டத்தையும், 1979, 1987ஆம் ஆண்டுகளின் சட்டங்களையும் நீக்கி அவ்விடத்தில் இஃது அமைந்தது. விலைப்பட்டியலைக் காணத்தக்க இடத்தில் வைத்தல், கேட்டபோது பற்றுச்சீட்டுக் கொடுத்தல் என்பன வணிகர்மேல் விதிக்கப்பட்டன. பதுக்குதல், இருப்பதை இல்லையென்று விற்க மறுத்தல், ஏமாற்றும் நடத்தை, பொய்யான விளம்பல் என்பன குற்றங்களாயின. உயர்ந்தபட்ச விலை விதிக்கும் அதிகாரமும் அதிகாரசபைக்கு உண்டு. 2021ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்விலையை மீறுவோர்க்குரிய தண்டத்தைத் தனியாட்களுக்கு 100,000 முதல் 500,000 ரூபா வரையும், கூட்டிணைந்த நிறுவனங்களுக்கு 500,000 முதல் 5,000,000 ரூபா வரையும் உயர்த்திற்று.

செய்தித்தாள்கள் பெரிதும் எழுதுவது இத்தண்டங்களைப் பற்றியே. ஆயினும் வாங்குவோனுக்கு உண்மையிற் புதியது 13ஆம் பிரிவாகும். தரவிதிகளுக்கு இணங்காத பொருளையோ சேவையையோ, வெளிப்படையாகவேனும் உட்கிடையாகவேனும் தந்த உத்தரவாதத்துக்கு மாறான பொருளையோ பெற்றவன் அதிகாரசபைக்கு எழுத்திலே முறையிடலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை. அதிகாரசபை விற்றவனையும் அழைத்து அவன் விடையைக் கேட்கும். குறை உண்மையெனக் கண்டால், இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளையிடும். கட்டளைக்கு அவன் பணியாவிடின், அத்தொகை நீதவான் நீதிமன்றின் வாயிலாகத் தண்டப்பணத்தை அறவிடும் முறையிலேயே அறவிடப்படும். குறியிட்ட நாணயத்தாளின் காலத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பரிசோதகர் தொடுக்கும் வழக்கிலே தண்டம் அரசுக்கு. 13ஆம் பிரிவின் முறையீட்டிலே பொருள் வாங்கினவனுக்கு. 1977 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தால் பரிசோதகர் கடைக்கு வரலாம். ஆனால் இழப்பீடு வேண்டுவோன் எழுத்திலே முறையிட்டாக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி, தொலைபேசியில் அறிவித்துவிட்டு இழப்பீட்டுக்குக் காத்திருப்போர் காலத்தை இழப்பர்.

சட்டம் நிறைவேறிய 2003ஆம் ஆண்டில் அது வாவியைக் கடக்கவில்லை. போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையிலிருந்த காலம் அது. படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப்புலிகளின் ஆட்சியில் இருந்தது. போரின் முந்திய ஆண்டுகளில் அப்பகுதிக்கு உரமும் மின்கலமும் எரிபொருளும் செல்வதே தடைக்கும் அனுமதிக்கும் உட்பட்டிருந்தது. பண்டம் கிடைப்பதே அரிதாயிருந்த இடத்தில் அதன் தரத்தைப் பற்றி முறையிடுதல் எவர்க்கும் தோன்றாது. 2007ஆம் ஆண்டில் அப்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. கல்லடிப் பாலத்துக்கு 90 ஆண்டு பிந்தி. ஆகவே இச்சட்டத்தின் வயதை ஏட்டிலே ஒருவாறும் படுவான்கரையில் வேறொருவாறும் கணித்தல் வேண்டும்.

பாலம் வந்தபின்னும் எஞ்சிநின்ற தடை ஒன்று, கடன். வேளாண்மைக்காரன் விதைநெல்லையும் உரத்தையும் கிருமிநாசினியையும் பெரும்பாலும் கைக்காசு கொடுத்து வாங்குவதில்லை. கடைக்காரர் கொப்பியிலே பதிவார். அறுவடையில் நெல்லாகவோ பணமாகவோ தீரும். வணிகர் எச்சமூகத்தாராயினும் இம்முறை ஒன்றே. இதனை வெறுஞ் சுரண்டலென்று ஒதுக்குவது எளிது. ஆனால் வங்கி தயங்கும் காலத்திலே விதைப்பை நடத்திவைத்தது இக்கொப்பியே என்பதையும் மறுத்தலாகாது. சட்டத்தின் கண்ணிலே இதன் குறை வேறு. பற்றுச்சீட்டைக் கேட்டபோது கொடுக்கவேண்டும் என்பது விதி, கேட்கவேண்டியவனோ கடனாளி. சீட்டுக் கேட்பது நம்பிக்கையின்மையைக் காட்டுவதாகிவிடும் என்று அவன் நாணுகிறான். முறையிட்டால் அடுத்த போகத்துக்குக் கடன் நின்றுவிடும் என்றும் அஞ்சுகிறான். வாங்கியதற்குச் சான்று கடைக்காரரின் கொப்பியில் மட்டுமே உளது.

அவனே அறுவடையில் விற்போனாகும்போது நிலை தலைகீழாகும். சாக்கு நிறை, ஈரப்பதம், பதர் என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழிக்கப்படும். ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படலாகாது என்பது நெல் சந்தைப்படுத்தும் சபையின் தரம். கழிப்பது முழுதும் அநீதியன்று. ஆனால் ஈரமானியால் அளந்து கழிப்பது ஒன்று. கையால் அளைந்து பார்த்துக் கழிப்பது வேறொன்று. நுகர்வோர் சட்டம் பொருளைப் பயன்படுத்துவோனைக் காப்பதற்கு எழுந்தது; தன் நெல்லை விற்போன் அதனுள் நுகர்வோன் ஆகான். அவனுக்கு உதவுவது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். தராசு முத்திரையிடப்பட்டதா என்று பார்ப்பதோடு அதன் உதவி பெரும்பாலும் முடிகிறது. களவெட்டியில் தலைதட்டுவதோ குவிப்பதோ என்றிருந்த பழம்பூசலே மின்தராசின்முன் கழிவுக் கிலோ என்னும் பெயரில் நிற்கிறது.

யாவற்றினும் பெரிய இடர் விதைநெல்லில் உளது. 13ஆம் பிரிவின்படி முறையீடு, விற்பனை நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் செய்யப்படல் வேண்டும். மின்விசிறிக்கும் கைத்தொலைபேசிக்கும் இக்காலம் போதும். மாரி வேளாண்மைக்கு விதை வாங்குவோன் புரட்டாதியில், மழைக்கு முன்னரே வாங்கி வைப்பான். ஐப்பசியில் விதைப்பான். மூன்றரை மாதத்து இனமாயின் விதைத்து ஏறத்தாழ 75 நாளின் பின்னரே கதிர் வெளிவரும். முளைக்காத விதை சில நாளிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதனைப் பற்றி முறையிடக் காலமுண்டு. ஆனால் இனங் கலந்த விதை பச்சை வயலிலே எல்லாம் ஒன்றுபோலவே நிற்கும். சில முந்திப் பூக்க, சில பிந்த, சில நெடிதுயர, சில குறுகிநிற்கும்போதே கலப்பு வெளிப்படும். செப்ரெம்பர் 20ஆம் நாள் வாங்கி, ஒற்றோபர் 20ஆம் நாள் விதைத்தவன் தன் வயலின் குற்றத்தைக் காண்பது சனவரி முதல் வாரத்தில். அவனுக்குரிய 3 மாதமோ திசம்பர் 20ஆம் நாளிலே முடிந்துவிட்டது. குற்றம் பிறந்ததை அறியுமுன்னரே முறையிடும் உரிமை இறந்துவிடுகிறது. அங்காடி மாட்டுக்கு 6 மாதம் கொடுத்த உறோமாபுரி அதிகாரிகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பே. அவர்கள் மாட்டை அறிந்திருந்தனர். 3 மாதம் என்று எழுதியோர் நெல்லை நினைத்ததாகத் தோன்றவில்லை.

இந்தியச் சட்டம் முறையீட்டுக்கு 2 ஆண்டு தருகிறது. அங்கே விதை பற்றி எழுந்த வழக்கொன்று படுவான்கரையிலும் அறியப்படவேண்டியது. ஆந்திர நாட்டு உழவர் சிலர் தேசிய விதைக் கூட்டுத்தாபனத்திடம் வாங்கிய விதை குறைபாடுடையதென நுகர்வோர் மன்றங்களில் முறையிட்டனர். விதைக்கெனத் தனிச்சட்டம் இருத்தலால் உழவர் அங்கேயே செல்லவேண்டும் என்றும், பயிரை விற்றுப் பொருளீட்டுவோர் நுகர்வோர் ஆகார் என்றும், விதையின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பவில்லை என்றும் கூட்டுத்தாபனம் வாதிட்டது. 2012ஆம் ஆண்டில் இந்திய உயர்நீதிமன்றமாகிய உச்சமன்றம் இவற்றை ஏற்கவில்லை. உழவனும் நுகர்வோனே என்றது. வாங்கிய விதை முழுவதையும் விதைப்பதே உழவனின் இயல்பு. பிற்காலத்து வழக்கை எண்ணி ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பான் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. வயலறிந்த வாக்கியம் இது. இலங்கைச் சட்டத்திலும் நுகர்வோன் என்பதன் வரைவிலக்கணம் விரிந்ததே. விலைக்குக் கிடைக்கும் பொருளை உண்மையிற் பயன்படுத்துவோனும் பயன்படுத்தக்கூடியோனும் அதனுள் அடங்குவர். விதை வாங்குவோனை அது புறந்தள்ளவில்லை. அவனைப் புறந்தள்ளுவது நாட்கணக்கே.

இதே 2003ஆம் ஆண்டிலேயே 22ஆம் இலக்க விதைச் சட்டமும் நிறைவேறியது. விதையின் தரத்தை ஒழுங்குசெய்வது அதன் நோக்கம். இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டில், ஒரே பாராளுமன்றத்திலே பிறந்தும் ஒன்றையொன்று நோக்கியதாகத் தெரியவில்லை. நுகர்வோர் சட்டத்தின் 3 மாதத்தை விதைக்கும் நடுகைப் பொருளுக்கும் மட்டும், வாங்கிய நாளை விட்டு, குற்றம் வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணுமாறு திருத்துதல் பெருங்காரியமன்று. தண்டத்தைப் பன்மடங்கு உயர்த்திய 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைத் தொடவில்லை. அவ்வாண்டோ மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்ந்த ஆண்டு. வயல்கள் மஞ்சளாகி நின்றபோது குறை விதையிலா, உரத்திலா, கொள்கையிலா என்று பிரித்தறிவதே அரிதாயிற்று.

திருத்தம் வருமளவும் வழக்கிலுள்ள வழிகள் சிலவே. விதை மூட்டையில் தைத்திருக்கும் சான்றுச்சீட்டையும் சாக்கையும் அறுவடை முடியும்வரை வைத்திருத்தல். கொப்பியிற் பதிந்த கடனுக்கும் நாளும் அளவும் விலையும் எழுதிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குதல். முளைப்பிலே சிறிது ஐயம் தோன்றினும் கதிருக்குக் காத்திராது விவசாயப் போதனாசிரியரை வயலுக்கு அழைத்துக் குறிப்பெழுதுவித்தல். அக்குறிப்பையும் இணைத்து 3 மாதம் முடியுமுன் முறையீட்டை எழுத்திலே கொடுத்து வைத்தல். காலங் கடந்தவனுக்கு 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இன்னும் உண்டு. இன்ன இனம் என்று பெயர்சொல்லி வாங்கிய விதை வேறினமாய் முளைத்தால், விற்றவன்மேல் நட்டஈட்டு வழக்குத் தொடுக்கலாம். அதற்கு மீண்டும் சட்டத்தரணி வேண்டும், மாவட்ட நீதிமன்று வேண்டும், தவணைகள் வேண்டும். பாலம் இருப்பதால் ஓடக்கூலி மட்டும் இல்லை.